குடவோலையும் கைரேகையும்

‘எங்க மாமன் வயலுக்குப் போயிட்டாருடா’ என்று ஆயா தன் தாய்மாமனைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே கிடக்கிற நெல்வயலைத்தான் நினைத்துக்கொள்வேன். அது கோலார் தங்கவயல் என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது. நிலமில்லாத அவருக்கு வாய்த்த வயல் அது ஒன்றுதான்.

தங்கவயலின் வரலாறு வழக்கமாக வெள்ளைக்காரர்களிடமிருந்தே தொடங்கப்படுகிறது. 1873இல் மைசூர் அரசிடம் அனுமதி கேட்ட மைக்கேல் லவேல், 1880இல் வந்த ஜான் டெய்லர் கம்பெனி, 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம் (பெங்களூருக்கே 1905இல்தான் கிடைத்தது). ஊருக்குப் போனால் காட்டப்படும் சின்னங்களும் இதே வரிசைதான்: சுரங்க வாயின் இரும்புக் கோபுரம், துரைமார் கிளப், ராபர்ட்சன்பேட்டை. 3,000 மீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீப் சுரங்கத்தில், தானே வெடித்துச் சிதறும் பாறைக்கு அடியில் நின்றவர்கள் இந்தச் சொல்லாடலுக்குள் வெறும் தலைக்கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் வடஆர்க்காடு பக்கத்துத் தமிழர்கள், அதிலும் தலித்துகள்.

எங்கள் ஊரிலும் ஒரு சின்னம் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், கோயில் சுவரில் வெட்டிய குடவோலை விதிகள். ஜனநாயகம், ஜனநாயகம் என்று கொண்டாடுகிறோமே, ஓலையில் யார் பெயரை எழுதலாம் என்று அது சொல்வதை யாரும் நிதானமாக வாசிப்பதில்லை. வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். ஆயாவின் மாமனுக்கு அந்தக் குடத்தில் ஓலை இருந்திருக்காது.

1930இல் கம்பெனி அவரைப் போன்றவர்களைப் பதிவு செய்ய முனைந்தது. பெயரையல்ல, கைரேகையை. குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தியவர்களிடம் போலீஸ் எடுத்த அதே ரேகை. சொல்லும்படியாகச் சங்கம்கூட இல்லாத ஊரில் 21 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. இதைக் கூலித் தகராறாக மட்டும் வாசித்துவிட முடியாது. உடம்பையே அடையாளச் சீட்டாக்க வந்த அதிகாரத்திடம் ‘விரலைத் தரமாட்டோம்’ என்று சொன்ன காரியம் அது.

விரலைத் தர மறுத்த ஊர் எழுத்தைக் கையிலெடுத்த ஊரும்கூட. மாரிகுப்பத்தில் 1907இலேயே பௌத்த சங்கம் வந்துவிட்டது. அயோத்திதாசர் மறைந்தபின் நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926இல் அப்பாதுரையார் அங்கிருந்துதான் மீண்டும் நடத்தினார். பண்டிதரின் நூல்களைச் சாம்பியன் ரீப் சித்தார்த்த புத்தகசாலை வெளியிட்டது. தமிழ் எம்.ஏ.வில் எனக்கு இதைப்பற்றி ஒரு வரி சொல்லித்தரப்படவில்லை. சுற்றிக்காட்டுகிறவர்களும் அந்த அச்சுக்கூடம் எங்கே இருந்ததென்று காட்டுவதில்லை.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் பிரித்த கழிவுமண், சைனைடு மலையாக ஊரைச் சுற்றி நிற்கிறது. காற்றடித்தால் தூள் லைன் வீடுகளுக்குள் வருகிறது. சினிமாக்காரர்களுக்கு அது பாலைவனம். அந்த வீடுகளின் பிள்ளைகள் விடிவதற்கு முன்பே ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பல வாசல்களில் வருகைப்பதிவுக்கு விரலைத்தான் வைக்கச் சொல்றாங்க.