மும்பை மாரத்தான்

மும்பை மாரத்தான் என்பது மகாராட்டிர மாநிலத் தலைநகரான மும்பையில் ஆண்டுதோறும், வழக்கமாகச் சனவரி மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையன்று, நடைபெறும் நெடுந்தொலைவு ஓட்டப் போட்டியாகும். முதல் போட்டி 2004 பிப்ரவரி 15 அன்று நடைபெற்றது. இதனைப் புரோகேம் இன்டர்நேசனல் என்னும் நிறுவனம் நடத்துகிறது. தொடக்கத்தில் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியின் பெயரிலும், 2018 முதல் டாட்டா குழுமத்தின் பெயரிலும் இப்போட்டி அழைக்கப்பட்டது. கொரோனா பெருந்தொற்றின் காரணமாக 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் போட்டி நடைபெறவில்லை. 2023 சனவரி 15 அன்று மீண்டும் நடந்தது.

மாரத்தானின் தொலைவு 42.195 கி.மீ. ஆகும். 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட இத்தொலைவு 1921இல் உலகம் முழுமைக்கும் பொதுவாக ஏற்கப்பட்டது. சின்னாளப்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்கு இருமுறை போய் வரும் தொலைவுக்குச் சற்றுக் குறைவு எனலாம்.

உடன் நடைபெறும் ஓட்டங்கள்

ஒரே காலையில் பல ஓட்டங்கள் நடைபெறுகின்றன. முழு மாரத்தானுடன் அரை மாரத்தான், மூத்த குடிமக்கள் ஓட்டம், மாற்றுத்திறனாளிகள் ஓட்டம் ஆகியவை உண்டு. 10 கி.மீ. ஓட்டம் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. மக்கள் பெருந்திரளாகக் கலந்துகொள்வது ஏறத்தாழ 6 கி.மீ. நீளமுள்ள 'கனவு ஓட்டம்' என்பதில்தான். பெயர் ஓட்டம் என்றாலும் பெரும்பாலோர் நடந்தே செல்வர். பலர் வேடமணிந்தும், தாங்கள் ஆதரிக்கும் நோக்கத்தை எழுதிய பதாகைகளை ஏந்தியும் வருவர். இதில் வெற்றி தோல்வி இல்லை. தொண்டு நிறுவனங்களுக்கு நிதி திரட்டுவதே முதன்மை நோக்கம். 2009 முதல் யுனைடெட் வே மும்பை என்னும் அமைப்பு இப்பணியை ஒருங்கிணைத்து வந்துள்ளது. ஓடுபவர் தம் உறவினரிடமும் நண்பரிடமும் தாம் தேர்ந்தெடுத்த தொண்டு நிறுவனத்துக்காக நன்கொடை கேட்பார். தனியார் நிறுவனங்கள் தம் ஊழியர்களை அணியாக அனுப்பி நிதி அளிக்கும்.

ஓடுபாதை

முழு மாரத்தான் சத்திரபதி சிவாசி தொடர்வண்டி முனையத்தின் அருகே தொடங்கி, மெரைன் டிரைவ் கடற்கரைச் சாலை வழியாக வடக்கே சென்று, மீண்டும் தெற்கே திரும்பும். பாதை அவ்வப்போது மாற்றப்படுவதுண்டு. 2009இல் திறக்கப்பட்ட, 5.6 கி.மீ. நீளமுள்ள பாந்த்ரா-வொர்லி கடற்பாலம் இதன் சிறப்புப் பகுதியாகும். பிற நாட்களில் இப்பாலத்தில் நடந்து செல்வோருக்கோ இருசக்கர வண்டிகளுக்கோ அனுமதியில்லை. பல ஆண்டுகளாக ஓட்டக்காரர்கள் அஞ்சியது பெடர் சாலை ஏற்றத்தையே. ஏற்றம் பெரிதன்று, ஆனால் 30 கி.மீ.க்கு மேல் ஓடிக் களைத்து, வெயிலும் ஏறிய வேளையில் அது வருவதே சிக்கல்.

மும்பையின் ஈரப்பதம் மிக்க காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் வெப்பம் தணியாது. ஆகவே பொது ஓட்டக்காரர்கள் விடியுமுன்பே ஓடத் தொடங்குகின்றனர். 2023இல் எத்தியோப்பியாவின் எய்லே லெமி 2 மணி 7 நிமிடம் 32 நொடியில் ஓடி இப்போட்டியின் புதிய சாதனையைப் படைத்தார். அதே ஆண்டில் குளிர்ந்த சிகாகோ நகரில் கெல்வின் கிப்டம் 2:00:35இல் ஓடினார். லெமி முறியடித்தது 2020இல் தெராரா உரிசா படைத்த 2:08:09 என்னும் சாதனையாகும். உரிசா தம் காலணிகள் பயணத்தில் தொலைந்துபோனதால், சக வீரரிடம் இரவல் வாங்கிய காலணிகளுடன் ஓடியவர்.

தொலைவும் நேரமும்

மாரத்தான் பாதைகள் சக்கரச் சுழற்சியை எண்ணும் கருவி பொருத்திய மிதிவண்டியால் அளக்கப்படுகின்றன. பாதை குறைந்துவிட்டால் சாதனை செல்லாது என்பதால் 1000 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் கூட்டியே அளப்பர். எனவே மாரத்தான் பாதை உண்மையில் சுமார் 42 மீட்டர் கூடுதலாக இருக்கும்.

ஓடுபவர் அணியும் எண் அட்டையில் மின்னணுச் சில்லு ஒட்டப்பட்டிருக்கும். தொடக்கக் கோட்டிலும் முடிவுக் கோட்டிலும் தரையில் விரித்த உணரிப் பாய்கள் அதனைப் பதிவு செய்கின்றன. கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பவர் தொடக்கக் கோட்டை அடையவே சில நிமிடங்கள் ஆகலாம். சில்லு இருப்பதால் அவர் உண்மையில் ஓடிய நிகர நேரம் கிடைக்கிறது. முன்னணி வீரர்களின் தரவரிசையோ துப்பாக்கி வெடித்த கணத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. இடைவழியிலும் பாய்கள் இருப்பதால் குறுக்கு வழியில் புகுந்தவர் அகப்பட்டுக்கொள்வார்.

இந்திய வீரர்கள்

பன்னாட்டுப் பரிசுகளை ஆப்பிரிக்க வீரர்களே பெரும்பாலும் வென்றாலும், இந்தியர்களுக்குத் தனிப் பரிசுகள் உண்டு. 1978இல் ஜலந்தரில் சிவ்நாத் சிங் ஓடிய 2:12:00 என்னும் தேசியச் சாதனை 40 ஆண்டுகளுக்கும் மேலாக முறியடிக்கப்படாமல் இருந்த நாட்டில், வீட்டருகே ஒலிம்பிக் தகுதி நேரத்தை எட்டும் வாய்ப்பு சிறியதன்று. 2016 போட்டியில் நித்தேந்திர சிங் ராவத் 2:15:48இல் ஓடி இந்தியர்களில் முதலிடம் பெற்றார். அவருக்கு வேகம் பிடித்துக்கொடுக்கும் 'பேஸ் மேக்கராக' ஓடவந்த கேரளத்தின் தோ. கோபி, பாதியில் நின்றுவிடாமல் தம் முதல் முழு மாரத்தானை 2:16:15இல் முடித்து ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். மூன்றாவதாக வந்த கேத்தா ராமும் தகுதி பெற்றார். ரியோவில் கோபி 25ஆம் இடத்தையும், ஒரு நொடி பின்தங்கிய கேத்தா ராம் 26ஆம் இடத்தையும் பிடித்தனர். 2017இல் சீனாவின் டோங்குவான் நகரில் நடந்த ஆசிய மாரத்தான் வாகையர் போட்டியில் கோபி தங்கம் வென்றார்; இப்பட்டத்தை வென்ற முதல் இந்திய ஆடவர் இவரே.