கலையில் கொள்ளலும் கொடுத்தலும்

கும்பகோணத்தை அடுத்து, காவிரி வளங்கொழிக்கும் நெல்வயல்களினிடையே, தாராசுரம் என்னும் ஊர் உள்ளது. இரண்டாம் இராசராச சோழன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலால் அவ்வூர் பெயர் பெற்றது. அக்கோயிலில் நெடுங்காலம் ஒரு வாயிற்காவலர் சிலை நின்றது. அது சோழநாட்டுச் சிற்பியின் உளியால் உருவானதன்று. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் இராசாதிராசன் சாளுக்கியரின் கலியாணபுரத்தை அழித்து, வெற்றியின் அடையாளமாகக் கொண்டுவந்தது. அச்செய்தி சிலையின் பீடத்திலேயே தமிழில் பொறிக்கப்பட்டுள்ளது. இப்பொழுது அச்சிலை தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கின்றது.

வாளால் கொணர்ந்த கலைப்பொருள் அது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகியும் கலியாணபுரத்துச் சிலை என்றே அது வழங்கப்படுகின்றது. விரும்பிக் கற்ற கலையோ அவ்வாறு அயலாகவே நிற்பதில்லை. அதற்கும் இக்காவிரி நாடே சான்றாகும்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மராட்டியர் தஞ்சையைக் கைப்பற்றினர். 1855 வரை அவர்தம் அரசு நீடித்தது. அவர்களும் படையொடு வந்தவர்களே. ஆயினும் அவர்களோடு வந்த பாட்டும் கதையும் படைவலியால் பரவவில்லை. அன்றியும், கொடுக்கும் முன்னரே அவர்கள் கொள்ளத் தொடங்கினர். 1684 முதல் 1712 வரை ஆண்ட சாகசி மன்னர் தென்னாட்டு இசை நாடக முறையைத் தழுவி மராத்தியில் நாடகங்கள் இயற்றினார். தமிழும் மராத்தியும் உட்பட ஐந்து மொழிகள் விரவிய நாடகமொன்றும் அவர் பெயரால் உண்டு. மராட்டிய நாட்டில், சாங்கிலி நகரில் விஷ்ணுதாஸ் பாவே 1843இல் நடத்திய சீதா சுயம்வரத்தையே அந்நாட்டு மேடையின் தொடக்கமாகக் கூறுவர். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட முன்னரே தஞ்சையில் மராத்தி நாடகம் பிறந்துவிட்டது.

இரண்டாம் சரபோசி (1798–1832) செய்தது இன்னும் சுவையானது. குறத்தி தன் மலைவளமும் நாட்டுவளமும் கூறிக் குறி சொல்லுதல் தமிழ்க் குறவஞ்சியின் மரபு. அம்மரபை எடுத்துக்கொண்டு, தேவேந்திர குறவஞ்சி என்னும் நூலை அவர் மராத்தியில் இயற்றினார். அதில் வரும் குறத்தி குற்றாலத்தையோ பொதிகையையோ பாடி நிற்பவளல்லள். உலகத்து நாடுகளையெல்லாம் பாட்டாகவே எடுத்துரைக்கின்றாள். நிலநூற்பாடம் குறத்தியின் வாயில் வந்தது வியப்பன்றோ! அவரைத் தலைவராக வைத்துக் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் தமிழில் சரபேந்திர பூபால குறவஞ்சியைப் பாடினார். அது தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடப்பெற்று வந்தது.

இனித் தமிழர் கொண்டதைக் காண்போம். முன்னாளில் புராணம் சொல்வோர் ஏடு விரித்து, அமர்ந்த நிலையில் பாட்டைப் படித்துப் பொருள் விரிப்பர். மராட்டியக் கீர்த்தனக்காரரோ நின்றுகொண்டு, கையில் சப்ளாக்கட்டை ஒலிக்க, பாடியும் பேசியும் நடித்தும் கதையை நடத்துவர். முதலில் ஒரு தத்துவத்தை நிறுவிப் பின் அதற்கேற்ற அடியார் கதையைத் தொடங்குவது அவர் முறை. இம்முறையைத் தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் (1841–1903) மராட்டியக் கலைஞர் வாயிலாகக் கற்றார். கற்றதை அப்படியே ஒப்புவித்திருப்பாராயின் அவர் பெயர் இன்று நிலைத்திராது. அவர் அதனுள் கருநாடக இசையைப் பெய்தார். தமிழ்ப் பாடல்களைப் புகுத்தினார். கதாகாலட்சேபம் என்னும் கலையை உருவாக்கினார். சாகி, திண்டி, ஓவி, அபங்கம் முதலிய மராத்தி மெட்டுகளில் தமிழ்ச் சொற்கள் அமைந்தன. யாப்பருங்கலத்தில் இவற்றுக்கு இலக்கணம் இல்லை. அதனால் புலவர் சிலர் முகஞ்சுளித்திருக்கலாம். விடிய விடியக் கேட்ட மக்கள் முகஞ்சுளிக்கவில்லை.

அவர் நிகழ்த்திய கதைகளுள் நந்தனார் சரித்திரமும் ஒன்று. பெரிய புராணம் கூறும் அவ்வடியாரைக் கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் இசைப்பாடல்களால் விரித்துப் பாடியிருந்தார். தாராசுரம் கோயிலின் சுவரிலோ அறுபத்துமூன்று நாயன்மார் வரலாறும் சிறுசிறு சிற்பங்களாக நெடுங்காலத்துக்கு முன்னரே அமைந்துள்ளன. படிக்க அறியாதவரும் கண்டு உணரும்பொருட்டுக் கல்லில் சொன்ன கதை, மராட்டியர் தந்த முறையால் காதுக்கும் விருந்தாயிற்று. தில்லையைக் காண ஏங்கிய ஓர் உழவுத் தொழிலாளியின் துயரத்தைச் சொல்ல, அயல் முறை தடையாக நிற்கவில்லை; துணையாகவே நின்றது.

அவைக்களத்தில் மட்டுமன்றி ஊர்த் தெருவிலும் இது நிகழ்ந்தது. மராட்டிய நாட்டில் லாவணி பாடுவோர் கல்கி, துரா என இரு கட்சியாகப் பிரிந்து, சத்தி உயர்வா சிவம் உயர்வா என்று பாட்டாலே வாதிடுவர். தஞ்சைச் சீமையில் அவ்வாதம் காமன் பண்டிகையோடு இணைந்தது. சிவபெருமானால் மன்மதன் எரிந்தான் என்பது ஒரு கட்சி. எரியவில்லை என்பது மற்றொரு கட்சி. டேப்பு முழங்க, ஒரு கட்சியார் பாட்டில் வினா எழுப்புவர். மறுகட்சியார் பாட்டிலேயே விடை இறுத்தல் வேண்டும். விடை தெரியாது விழித்தவரை ஊரார் நகைப்பர். கருவியும் பெயரும் வடக்கிலிருந்து வந்தன. வழக்கும் நகையும் இவ்வூருக்கே உரியன.

இத்தகைய கொடுக்கல் வாங்கல் நம் காலத்திலும் தொலைநாடுகளுக்கிடையே நடைபெற்றுள்ளது. அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரில் 1970களில் கறுப்பின மக்களிடையே வளர்ந்த ராப் பாட்டிலும், லாவணி போன்றே, எதிரெதிர் நின்று எதுகை மோனையால் மடக்குதல் உண்டு. அப்பாட்டு ஜப்பானியரையும் கவர்ந்தது. அதனை விரும்பிய தக்காசி ஒகசாக்கி என்னும் ஜப்பானிய ஓவியர், கறுப்பின வீரன் ஒருவனைத் தம் நாட்டுச் சாமுராய் வாள்வீரனாக்கி, ‘ஆப்ரோ சாமுராய்’ என்னும் படக்கதையை வரைந்தார். 2007இல் அது திரைக்கேற்ற ஓவியத் தொடராயிற்று. அதற்கு இசையமைத்த ரிசாவும், தலைவனுக்குக் குரல் கொடுத்த சாமுவேல் ஜாக்சனும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள். கொண்டவர் தம் மரபை விடவில்லை. கொடுத்தவரும் விலகி நிற்கவில்லை.

தஞ்சையில் மராட்டியர் ஆட்சி முடிந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. நந்தனார் கதை 1935இலும் 1942இலும் திரைப்படமாக வந்தது. சப்ளாக்கட்டை இன்றும் பாகவதர் கையில் ஒலிக்கின்றது. லாவணி பாடுவோரோ இப்பொழுது சிலரே. மாசித் திங்களில் காமன் பண்டிகை நடைபெறும் சில ஊர்களில், எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் இன்னும் எதிரெதிரே அமர்கின்றன, வழக்கு முடிந்தபாடில்லை.