எழுத்துப் பிறப்பும் மூளையின் அமைப்பும்

எழுத்துகள் பிறக்குமாற்றைக் கூறவந்த தொல்காப்பியர், உந்தியினின்று எழும் காற்றுத் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலிகளாகின்றது என்றார். அவ்வியலின் இறுதியில், அகத்தே எழும் வளியிசையின் இயல்பை மறைநூலுக்கு விட்டு, புறத்தே செவிக்குப் புலனாகும் ஒலியையே தாம் கூறியதாக வரையறை செய்துகொண்டார். பின்வந்த பவணந்தியார் ஒருபடி உள்ளே சென்று, உயிரின் முயற்சியால் உள்வளி உந்தப்படுவதையே தொடக்கமாக வைத்தார். அம்முயற்சி உடம்பின் எவ்வுறுப்பில் நிகழ்கின்றது என்னும் வினாவை அவ்விரு நூல்களும் எழுப்பவில்லை; எழுப்புதல் அவற்றின் கடனும் அன்று. தொல்காப்பியர் கூறிய ‘தலை’, காற்றுச் சென்று தங்கி ஒலிக்கும் இடமேயாகும். அதனைக் கொண்டு பண்டைத் தமிழர் மூளையின் தொழிலை முழுதுணர்ந்தனர் எனச் சாதிக்கப் புகுவது இலக்கணத்திற்கும் நன்மை செய்வதன்று, அறிவியலுக்கும் நன்மை செய்வதன்று. அவர் நிறுத்திய எல்லைக்கு அப்பால் இன்றைய உடலியல் காட்டுவது யாது என்பதையே ஈண்டுக் காண்போம்.

நினைத்தல், மறத்தல், அஞ்சுதல், விரும்புதல் ஆகிய எல்லாவற்றையும் நெஞ்சின் தொழிலாகவே நம் மொழி கருதிவந்துள்ளது. நெஞ்சொடு கிளத்தலை ஒரு துறையாகவே வகுத்த இலக்கியம் நம்முடையது. இது நமக்கு மட்டும் உரிய கருத்தன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இதயமே அறிவின் இருக்கை எனக் கொண்டு, மூளையை இதயத்தின் வெம்மையைத் தணிக்கும் உறுப்பு என்றார். நெஞ்சு படபடத்தலை எவரும் உணரலாம். மூளையோ தன் தொழிலைச் செய்யுங்கால் அதனைச் சிறிதும் வெளிக்காட்டுவதில்லை. மூளைத் திசுவுக்கு நோவுணர்ச்சியும் இல்லை. ஆதலின் முன்னோர் நெஞ்சைச் சுட்டியதில் வியப்பொன்றும் இல்லை.

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் வரை எடையுள்ளது. அஃதாவது உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆயின், ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே கொள்கின்றது. குருதியோட்டம் சில நிமிடம் தடைப்பட்டாலும் மூளை கெடுவது ஏன் என்பதற்கு விளக்கம் இவ்விகிதத்திலேயே அடங்கியுள்ளது. மண்டையோட்டினுள் மூன்று உறைகள் மூளையைப் போர்த்துள்ளன. வெளியுறை தடித்துத் தோல்போன்றது. நடுவுறை சிலந்தி வலையை ஒத்தது. உள்ளுறை மெல்லியதாய் மூளையின் மேடுபள்ளங்களை ஒட்டிச் செல்வது. நடுவுறைக்கும் உள்ளுறைக்கும் இடையே தெளிந்த நீர்மம் நிறைந்து மூளையை மிதக்கவைக்கின்றது.

கீழிருந்து மேலாகச் செல்வோமாயின், தண்டுவடம் தலைக்குள் புகும் இடத்தில் முகுளம் அமைந்துள்ளது. மூச்சும் இதயத்துடிப்பும் நம் நினைவின்றியே நடைபெறுதல் அதன் காவலால். பேசும்போது நாம் மூச்சை விரைந்து உள்ளிழுத்து, நெடுநேரம் சிறிதுசிறிதாக வெளிவிடுகின்றோம். அதற்குப் பெருமூளையின் ஆணை முகுளத்தின் இயல்பான ஒழுங்கை இடைமறித்து மாற்றுதல் வேண்டும். உந்தியினின்று எழுவதாகக் கூறப்பட்ட வளியை உண்மையில் எழுப்புவது தலையே எனலாம். முகுளத்தின் பின்புறம் சிறுமூளை உள்ளது. உடல் நிலைதடுமாறாமையும் அசைவுகள் ஒன்றோடொன்று இயைதலும் அதன் தொழில். அது பழுதுற்றால் நடை தள்ளாடும், பேச்சும் அசையசையாகத் துண்டுபட்டு வரும். மூளையிலுள்ள நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி என 2009-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு ஆய்வாளர் கணக்கிட்டு வெளியிட்டனர். அவற்றுள் சுமார் 6,900 கோடி சிறுமூளையிலேயே உள்ளன என்பது, பெயரளவில் சிறிதாகிய அவ்வுறுப்பைப் பற்றி நாம் எதிர்பாராத செய்தி.

இவற்றின்மேல் கவிந்திருப்பது பெருமூளை. அதன் புறணி 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்பே உடையது. மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருத்தலால், பரப்பிற் பெரிதாயிருந்தும் மண்டையோட்டினுள் அடங்குகின்றது. இடமும் வலமுமாகிய இரு பாதிகளையும் நரம்பிழைப் பாலம் ஒன்று இணைக்கின்றது. ஒவ்வொரு பாதியையும் நெற்றிமடல், உச்சிமடல், பொட்டுமடல், பிடரிமடல் என நான்காகப் பகுப்பர். காட்சி பிடரிமடலிலும், கேள்வி பொட்டுமடலிலும், தொடுவுணர்ச்சி உச்சிமடலிலும், அசைவும் திட்டமிடுதலும் நெற்றிமடலிலும் முதன்மையாக நிகழ்கின்றன. இடப்பாதி உடலின் வலப்பக்கத்தை ஆள்கின்றது. வலப்பாதி இடப்பக்கத்தை ஆள்கின்றது.

பேச்சின் இருப்பிடம் துலங்கிய வரலாறு விரித்துரைக்கத் தக்கது. பாரிசு நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்பார் ஒருவர் 21 ஆண்டுகள் வாழ்ந்தார். முப்பது வயதளவில் பேச்சிழந்த அவர், எதனை வினவினும் ‘தான்’ என்னும் ஒலியையே விடையாகக் கூறுவார். சினம் மிக்கபோது மட்டும் ஒரு வசைத்தொடர் தெளிவாக வெளிப்படும். (அவ்வொலி நம் செவிக்குத் தற்சுட்டுப் பெயராக ஒலிப்பது தற்செயல்.) பின்னர் அவர்க்கு வலக்கையும் வலக்காலும் தளர்ந்தன. 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அறுவை மருத்துவர் பால் பிரோக்கா அவரை ஆராய்ந்தார். மருத்துவமனையில் எத்தனை ஆண்டு இருந்தீர் என வினவியபோது, நோயாளி தம் கையை நான்குமுறை விரித்துக்காட்டிப் பின் ஒரு விரலை நீட்டினார். நான்கைந்து இருபது, மேலும் ஒன்று! கடிகாரத்தைக் காட்டியபோது நேரத்தையும் பிழையின்றிக் குறித்தார். ஏப்ரல் 17-ஆம் நாள் அவர் இறந்தார். மறுநாளே பிரோக்கா அம்மூளையை மானிடவியல் கழகத்தார்முன் வைத்து, இட நெற்றிமடலின் கீழ்மடிப்பில் ஏற்பட்டிருந்த அழிவைக் காட்டினார். அவ்வாண்டிலேயே ஐந்து சொற்களுக்கு மேற் பேசவியலாத முதியவர் ஒருவரின் மூளையிலும் அவ்விடமே கெட்டிருக்கக் கண்டார். இத்தகையோரிடம் பழுது இடப்பாதியிலேயே காணப்படுதலை 1865-இல் வலியுறுத்தினார்.

1874-ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே வேறொரு வகையை விளக்கினார். இட பொட்டுமடலின் மேல்மடிப்பில் பின்பகுதி கெட்டவர் தங்குதடையின்றிப் பேசுவர். ஓசையும் இழைவும் குறைவதில்லை. ஆனால் சொற்கள் பொருந்தா, பிறர் கூறுவதும் விளங்காது. முன்னையவர்க்குக் கருத்து உண்டு, சொல் வெளிவருவதில்லை. பின்னையவர்க்குச் சொல் பெருகும், பொருள் கூடுவதில்லை. சொல்லும் பொருளும் பிரியாதன என வகுப்பறையில் கூறிவரும் நமக்கு, அவை உடம்பினுள் இவ்வாறு பிரியவும் கூடும் என்பது சற்றே திகைப்பூட்டுகின்றது.

செவியிற் புகுந்த சொல் பொட்டுமடலில் ஒலியாக உணரப்பட்டுப் பொருளோடு இணைந்து, வில்போல் வளைந்த நரம்பிழைக் கற்றை வழியே நெற்றிமடலை அடைந்து, அங்கே உச்சரிப்புக்குரிய ஒழுங்குபெற்று, அசைவுப் பகுதியின் ஆணையால் நா, இதழ், மிடறு ஆகியவற்றின் தசைகளைச் சென்றடைகின்றது என்பது இவ்விருவர் ஆய்வினின்றும் எழுந்த விளக்கம். பிரோக்கா லெபோர்னின் மூளையை அறுக்காது பாதுகாத்தமையால், 2007-இல் வெளிவந்த ஆய்வொன்றில் அதனைக் காந்த அதிர்வுப் படக்கருவியால் மீண்டும் நோக்கினர். அழிவு மேற்பரப்பளவில் நில்லாமல் ஆழ்ந்த இழைக்கற்றைகள் வரை சென்றிருந்தது. ஆகவே பேச்சு ஒரு புள்ளியில் குடியிருப்பதன்று. பல பகுதிகளும் அவற்றை இணைக்கும் வழிகளும் கூடி ஆற்றும் செயல். வலக்கையரில் மிகப் பெரும்பாலார்க்கும் இடக்கையரில் பெரும்பாலார்க்கும் அதன் தலைமை இடப்பாதியில் உள்ளது என்பது மட்டும் மாறவில்லை. இதனை நீட்டி, கணக்கறிவு இடப்பக்கம், கலையறிவு வலப்பக்கம் என மக்களையே இரு கூறாக்கிப் பேசுவது வெறும் புனைவு.

பக்கவாதத்தால் வலக்கையும் பேச்சும் ஒருங்கே இழந்தோர் நம்மிடையே பலர். இடப்பாதிக்குக் குருதி கொணரும் நாளம் அடைபட்டமையாலோ வெடித்தமையாலோ அவ்விரண்டும் சேர்ந்து கெடுகின்றன. வாய் கோணுதலும் கை தளர்தலும் சொல் குழறுதலும் கண்டவுடன் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் தரப்பட வேண்டுவது. அதுவும் குருதிக் கசிவு இல்லையெனப் படமெடுத்துத் தெளிந்த பின்னரே தரப்படுவது. உயிர் பிழைத்தோர்க்கு நேரும் மற்றொரு கேடு உண்டு. பேச்சுப் போயிற்றெனில் அறிவும் போயிற்று என உற்றார் முடிவு செய்துவிடுகின்றனர். அவர் முன்னிலையிலேயே அவரைப் படர்க்கையிற் பேசுகின்றனர். நிலம், திருமணம், மருத்துவம் எதனைக் குறித்தும் அவர் கருத்தைக் கேட்பதில்லை. கைவிரித்து 21 எனக் காட்டிய லெபோர்னை நினைவுகொள்வோர் இங்ஙனம் செய்யார். ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலையசைப்பையோ கைகாட்டலையோ உறுதிசெய்துகொண்டு, குறுந்தொடர்களால் வினவி, விடைக்குப் பொறுத்திருத்தல் வேண்டும். பேசவியலாதார் சிலர் பழகிய பாட்டைச் சொல் வழுவாமற் பாடுவதுண்டு. அதனைக் கண்டு, வேண்டுமென்றே பேசாதிருக்கிறார் எனக் குறைகூறுதலும் அறியாமையே.

இவ்விடத்தில் இலக்கணம் கற்றார்க்கும் ஒரு பணி உள்ளது. பிரோக்கா கூறிய வகையினர் ஆங்கிலத்தில் இணைப்புச் சொற்களையும் ஈறுகளையும் விட்டுவிட்டுத் தந்திபோற் பேசுவர். ஈபுரு மொழியில் வேர் தனித்து ஒலிக்க இயலாமையால், அம்மொழியினர் ஈற்றை விடாமல் ஒன்றற்கு மற்றொன்றைப் பெய்து வழுவுகின்றனர். தமிழில் பெயர் உருபின்றியும் நிற்கும். வினைப்பகுதி தனித்து நின்றாலோ ஏவலாகிவிடும். ‘மகன் வந்தான்’ எனக் கருதியவர் ‘மகன் வா’ என்பாராயின், அருகிருப்பார் மகனை அழைக்கின்றார் என்றே கொள்வர். ஆகவே பிறமொழிச் சோதனைகளை மொழிபெயர்த்து வைத்தல் போதாது. உரையாசிரியர் வகுத்த திணை, பால், இடம், காலம், செப்பு, வினா, மரபு என்னும் எழுவகை வழுவும், நோயாளியின் பேச்சைக் குறித்துக்கொள்ள ஆயத்தமாயுள்ள தலைப்புகள். ஈறு தடுமாறுவோரிடம் பால், இடம், காலம் பற்றிய வழுக்கள் மிகும் என எதிர்பார்க்கலாம். கேட்டது விளங்காதாரிடம் ஈறுகள் செம்மையாயிருந்தும் செப்புவழு மலியும்.