கூலிக்கும் வகுப்புக்கும் நடுவே

அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. மாணவியருக்கு முதலில் தந்தது சரியே. ஆனால், தொழிலாளர் வீட்டு ஆண்பிள்ளைகள் கல்லூரியிலிருந்து நழுவும் காரணத்தை இந்த 1,000 ரூபாய் ஓரளவே தொடுகிறது.

அரசு கலைக் கல்லூரியில் கட்டணம் பெருஞ்சுமையன்று. சுமையாவது, பொருளியலில் வாய்ப்புச் செலவு எனப்படுவது: வகுப்பில் அமர்வதால் கைவிட்டுப்போகும் கூலி. கட்டட வேலை, வண்ணம் பூசுதல், சுமை தூக்குதல், மண்டபத்தில் பந்தி பரிமாறுதல், வீடுவீடாக உணவு கொண்டுசேர்த்தல் என்று பதினெட்டு வயது இளைஞனுக்கு வெளியே வேலை காத்திருக்கிறது. ஒரு மாத உதவித்தொகையை இரண்டொரு நாளில் ஈட்டிவிடலாம். சாரத்திலிருந்து விழுந்து தந்தை படுத்துவிட்டால், வீடு முதலில் பார்ப்பது அவன் முகத்தைத்தான்.

அவன் ஒரே நாளில் படிப்பை விடுவதில்லை. நள்ளிரவில் பந்தி முடிந்து வீடு திரும்புபவன் காலையில் முதல் வகுப்பைத் தவறவிடுகிறான். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குகிறது. சற்றே குறைந்தால் அபராதம் கட்டித் தேர்வெழுதலாம். அபராதத்தை ஈட்ட மேலும் இரண்டு நாள் வகுப்பை விட வேண்டும் என்பதை விதி வகுத்தவர்கள் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. அக மதிப்பெண் சரிகிறது. தமிழ்வழியில் படித்தவனுக்கு ஆங்கிலப் பாடநூல் வேறு. அரியர்கள் சேர்கின்றன; வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் பலவும் அரியர் இல்லாதவர்களையே கேட்கின்றன. இதற்குள் ‘ஒழுங்கில்லாதவன்’ என்ற பெயரும் ஒட்டிக்கொள்கிறது.

2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. தேசிய அளவில் 28.4. பெருமைக்குரிய எண்தான். ஆனால், அது சேர்ந்தவர்களைச் சொல்கிறதேயன்றி, முடித்தவர்களைச் சொல்வதில்லை.

பல அரசு கலைக் கல்லூரிகள் இரண்டு சுழற்சிகளில் இயங்குகின்றன. இரவு வேலைக்குச் செல்பவன் பிற்பகல் சுழற்சிக்கு மாறிக்கொள்ள எளிய வழி வேண்டும். நூலகத்திலும் ஆய்வகத்திலும் மாணவர்க்கே ஊதியத்துடன் பகுதிநேரப் பணி தரலாம். முதல் பருவத்தில் வருகை குறையத் தொடங்கும்போதே, அபராதச் சீட்டுக்கு முன்பாக, ‘எங்கே வேலைக்குப் போகிறாய்?’ என்று துறைத்தலைவர் அழைத்துக் கேட்க வேண்டும்.