அறுந்தது எந்த இணைப்பு?

கோவில்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். பேரன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' போட்டிருக்கிறாராம். "காலையில் திறந்தால் 'டிஸ்கனெக்டட்' என்று நிற்கிறது. நெட் கம்பெனிக்காரர் வந்து பார்த்து, லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அழித்து அழித்து ஏற்றிப் பார்க்கிறேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள்."

தேவைதான் சார். நெட் கம்பெனிக்காரர் சொன்னதும் உண்மைதான்.

சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரை விஞ்ஞானிகளுக்கு இரவல் கொடுக்கும் இந்த ஏற்பாடு பலருக்கும் அறிமுகமானது 1999 மே மாதம், பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 'செட்டி அட் ஹோம்' திட்டத்தைத் தொடங்கியபோது. அது தேடிய வேற்றுலகவாசிகளின் சமிக்ஞை ஏதும் கிடைக்கவில்லை. 2020 மார்ச்சோடு அது புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆனால் அதற்காக அங்கே உருவான 'பாயிங்க்' என்ற மென்பொருள் நிலைத்துவிட்டது. ஐன்ஸ்டைன் அட் ஹோம் ஓடுவதும் அதன் மேல்தான்.

பாயிங்க் பார்வைக்கு ஒரே மென்பொருள். உண்மையில் இரண்டு. சர்வரோடு பேசி, வேலையை வாங்கி, கணக்கை ஓட்டி, விடையைத் திருப்பி அனுப்புவது 'கிளையன்ட்'. அதற்கு முகமே கிடையாது, பின்னணியில் ஓடும். நாம் திறந்து பார்க்கும் ஜன்னல் 'மேனேஜர்'. அது கிளையன்டிடம் விவரம் கேட்டு நமக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஜன்னலின் கீழ்மூலையில் 'டிஸ்கனெக்டட்' என்று வந்தால், மேனேஜரால் கிளையன்டைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று பொருள். அறுந்த இணைப்பு உங்கள் மேஜை மேல், ஒரே பெட்டிக்குள் இருக்கிறது. வெளியே தெருவில் போகும் கேபிளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

என் சித்தப்பா மதுரையில் மெஸ் நடத்தினார். கல்லாவுக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு சின்னத் திறப்பு. அதன் பலகையைச் சாத்திவிட்டால் கல்லாவில் இருப்பவருக்கு உள்ளே நடப்பது ஒன்றும் தெரியாது. தோசை பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும். ஆசிரியரின் கம்ப்யூட்டரிலும், அவர் கவலைப்பட்ட பல இரவுகளில் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

ஒரே கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இந்த இருவரும் நெட்வொர்க் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம். கம்ப்யூட்டர் தனக்குத்தானே போன் போட்டுக்கொள்கிறது. அதற்கென்று ஒதுக்கப்பட்ட போர்ட் எண் 31416. கணித ஆசிரியருக்குச் சொல்ல வேண்டியதில்லை: 3.1416, பையின் தோராய மதிப்பு, நடுவிலிருந்த புள்ளி மட்டும் காணோம். இது தற்செயல் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

போன் எடுத்தவுடன் கிளையன்ட் பாஸ்வேர்ட் கேட்கும். அந்தப் பாஸ்வேர்டை அது தானே உண்டாக்கி, டேட்டா ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைத்திருக்கும். மேனேஜர் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். உபுண்டுவில் பெரும்பாலும் தகராறு இங்கேதான். கிளையன்ட் 'பாயிங்க்' என்ற தனிப் பயனராக ஓடுகிறது. உங்கள் பெயரில் ஓடும் மேனேஜருக்கு அந்த ஃபைலைத் திறக்க உரிமை இல்லை. உங்கள் பெயரைப் 'பாயிங்க்' குழுவில் சேர்த்து, லாக்-அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தால் சரியாகிவிடும். விண்டோஸ் என்றால் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து கிளையன்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடுகிறது, ஆனாலும் இணையவில்லை என்றால், ஆன்டிவைரஸோ ஃபயர்வாலோ இந்த உள்வீட்டு உரையாடலைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். அதில் பாயிங்க்குக்கு விலக்கு கொடுங்கள்.

கணக்கைப் போடுவது திட்டம் தரும் தனி நிரல்; அதற்கும் கிளையன்டுக்கும் இடையே இன்னொரு இணைப்பு உண்டு. கிளையன்ட் நொடிக்கு நொடி 'இருக்கிறேன்' என்று துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். முப்பது நொடி அது கேட்காவிட்டால் நிரல் தானாக வெளியேறிவிடும். ஹார்ட் டிஸ்க் திணறும் பழைய கம்ப்யூட்டர்களில் இது நடக்கும். பாதகமில்லை, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரும்.

உண்மையிலேயே வெளி இணைப்புப் போனால்? கண்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூன்றையும் சேர்த்து அமுக்கினால் நிகழ்வுப் பதிவு திறக்கும். சர்வர் பதில் சொல்லாவிட்டால் கிளையன்ட் கூகுளைத் தட்டிப் பார்க்கும். அது திறந்தால், 'இன்டர்நெட் நன்றாக இருக்கிறது, திட்டத்தின் சர்வர்தான் படுத்திருக்கலாம்' என்று எழுதி வைக்கும். இதைவிடத் தெளிவாக எந்த மென்பொருளும் பேசி நான் பார்த்ததில்லை. பிறகு சற்று நேரம் கழித்து முயலும். தோற்கத் தோற்க இடைவெளி கூடிக்கொண்டே போகும், கொஞ்சம் தாறுமாறாகவும் இருக்கும். வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. செட்டி ஓடிய காலத்தில் அதன் சர்வரைச் செவ்வாய்தோறும் பராமரிப்புக்காக மூடினார்கள். திறந்த கணத்தில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஒன்றாக வந்து மோதினால் சர்வர் மறுபடி படுத்துவிடும் அல்லவா? ஆகவே 'தள்ளிவைக்கப்பட்டது' என்று கண்டால் அப்டேட் பொத்தானைப் போட்டு அமுக்காதீர்கள்.

பழைய கம்ப்யூட்டரில் தேதியையும் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பல வருடம் பின்னே போய்விடும். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதியில் செல்லாது, கிளையன்ட் பேச மறுக்கும். பாயிங்க் வைத்திருக்கும் சான்றிதழ் பட்டியலே பழசானாலும் இதே கதிதான். 2021 செப்டம்பர் 30 அன்று உலகெங்கும் புழங்கிய ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. பழைய பாயிங்க் வைத்திருந்தவர்களுக்குச் சில திட்டங்களோடு தொடர்பு அன்றோடு நின்றது. புதிய பதிப்பை ஏற்றியவர்கள் தப்பித்தார்கள்.

இந்த ஒரு காரியத்துக்கு மட்டும்தான் புதிதாக ஏற்றுவது உதவும். மற்றபடி, மென்பொருளை நீக்கினாலும் டேட்டா ஃபோல்டர் அப்படியே இருக்கும், அதிலுள்ள கோளாறும் அப்படியே இருக்கும். கோபத்தில் அந்த ஃபோல்டரையும் அழிப்பவர்கள் இருக்கிறார்கள். செய்தியை வாசிக்காமல் ஓகே அமுக்குவதும், எதற்கெடுத்தாலும் அழித்து ஏற்றுவதும் நம் ஊரில் வைத்தியமாகவே ஆகிவிட்டன. பாதி முடிந்த கணக்குகள் அந்த ஃபோல்டரோடு போகின்றன.

அழிந்த கணக்கால் நஷ்டம் உங்களுக்கு மட்டுமல்ல. ஒரே வேலையை இரண்டு கம்ப்யூட்டர்களுக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிடுவது ஐன்ஸ்டைன் அட் ஹோமின் வழக்கம். 2010இல் அரெசிபோ தொலைநோக்கியின் தரவிலிருந்து, நொடிக்கு ஏறக்குறைய 41 முறை சுழலும் ஒரு பல்சார் விண்மீனை இந்தத் திட்டம் கண்டுபிடித்தது. அமெரிக்காவின் ஐயோவாவில் ஒரு கம்ப்யூட்டரும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இன்னொன்றும் கொடுத்த விடைகளிலிருந்து கிடைத்தது அது. அவற்றில் ஒன்று வராமல் போயிருந்தால் மற்றது கெடு முடியும்வரை காத்திருந்திருக்கும், பிறகு வேலை மூன்றாவது ஆளுக்குப் போயிருக்கும்.

எனவே ஆசிரியரே, வீட்டில் சொல்வதைக் கேட்டு இதை நிறுத்துவதானால் நிறுத்துங்கள், குற்றமில்லை. ஆனால் முதலில் 'புதிய வேலை வேண்டாம்' என்ற பொத்தானை அமுக்கி, கையில் இருப்பதை முடித்து அனுப்பிவிட்டு, அதன் பிறகு நீக்குங்கள்.