ரிவால்வரா, பிஸ்டலா? உரிமத் துப்பாக்கி யாரைக் காக்கிறது?

புது தில்லி: ஒருவர் எத்தனை துப்பாக்கிகள் வைத்துக்கொள்ளலாம் என்பதை நாடாளுமன்றம் 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் முடிவு செய்தது. எந்த வகைத் துப்பாக்கி என்பதை வாங்குபவரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. உரிமம் கோரி மும்பை காவல் துறை ஆணையரிடம் விண்ணப்பிக்கும் வணிகர்களும் கட்டட ஒப்பந்ததாரர்களும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்து வந்து நின்றால் உயிரைக் காப்பது சுழல் துப்பாக்கியான ரிவால்வரா, அரைத் தானியங்கி பிஸ்டலா?

தமிழர்கள் செறிந்து வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. தாராவியும் மாட்டுங்காவும் 1970-களிலும் 80-களிலும் வரதராஜ முதலியாரின் செல்வாக்கைக் கண்டவை. சோட்டா ராஜன் தலையெடுத்தது செம்பூர் திலக் நகரில். மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களின் கை 1990-களில் ஓங்கியபோது, வசதி படைத்தோர் துப்பாக்கியை நாடியதில் வியப்பில்லை.

துளை அளவே அளவுகோல்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ், கைத்துப்பாக்கிகளைப் பொருத்தவரை முக்கியமாகப் பார்க்கப்படுவது துளை அளவு. 9 மி.மீ., .38, .455 ஆகியவை தடை செய்யப்பட்ட அளவுகள். சாதாரணக் குடிமகனுக்குப் பெரும்பாலும் எஞ்சுவது .32. இந்த அளவில் ரிவால்வரும் கிடைக்கிறது, பிஸ்டலும் கிடைக்கிறது.

இந்த எல்லையைத் தாண்டுவோருக்கு நேர்வது என்ன என்பதை நாடறியும். 1993 மும்பை குண்டுவெடிப்பு தொடர்பான வழக்கில் 9 மி.மீ. பிஸ்டலும் ஏ.கே.-56 ரகத் துப்பாக்கியும் சட்டவிரோதமாக வைத்திருந்ததற்காக நடிகர் சஞ்சய் தத்துக்கு உச்ச நீதிமன்றம் 2013 மார்ச் 21-இல் ஐந்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. கலவர காலத்தில் குடும்பத்தைக் காக்கவே வைத்திருந்ததாக அவர் தரப்பில் கூறப்பட்டது. அந்த விளக்கம் அவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்றவில்லை.

வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனிநபர்கள் இறக்குமதி செய்வதற்கு 1980-களின் நடுப்பகுதியிலேயே தடை வந்துவிட்டது. எனவே புதிதாக வாங்குவோர் பெரும்பாலும் அரசின் ஆயுதத் தொழிற்சாலைத் தயாரிப்புகளையே நம்பியுள்ளனர். தில்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு, பெண்களை மனதில் கொண்டு 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை 2014-இல் கான்பூர் தொழிற்சாலை அறிமுகம் செய்தது. எடை சுமார் 500 கிராம். விலை சுமார் ரூ. 1.22 லட்சம். அந்தத் தொகை எத்தனை பெண்களுக்கு எட்டும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 2023-இல் வந்த 'பிரபல்' ரிவால்வர் 50 மீட்டர் வரை சுடவல்லது என்று விளம்பரப்படுத்தப்பட்டது. ஆனால் வீட்டு வாசலிலோ கடைக்குள்ளோ நிகழும் தாக்குதலில் இடைவெளி சில அடிகள்தான்.

இரண்டின் இயல்பு

ரிவால்வரின் பலம் எளிமை. சுழலும் உருளையில் ஆறு தோட்டாக்கள். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால், விசையை மீண்டும் இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தாலும் சுருள்வில் தளர்ந்துவிடுமோ என்ற கவலையில்லை. குறைகளும் உண்டு. சுத்தியலை முன்கூட்டியே பின்னிழுக்காமல் சுடும்போது விசை நீண்டு, கனத்து வரும். பழகாத கையில் குறி தவறும். ஆறு தோட்டாக்கள் தீர்ந்தபின் மறுபடி நிரப்ப நேரமாகும். எதிராளி உருளையை இறுகப் பற்றிவிட்டால் அது சுழலாது.

பிஸ்டல் தட்டையானது; இடுப்பில் மறைத்துவைக்க வசதியானது; மேகசினை மாற்றினால் நொடிகளில் மீண்டும் தயார். ஆனால் வெற்றுத் தோட்டா வெளியேறாமல் சிக்கிக்கொண்டால், மேல்பகுதியைப் பின்னிழுத்து அகற்ற இரண்டு கைகளும் தெளிந்த புத்தியும் வேண்டும். கட்டிப்புரளும் நிலையில் துப்பாக்கியின் முனை எதிராளியின் உடலில் அழுந்தினால், மேல்பகுதி சற்றுப் பின்தள்ளப்பட்டு, பல பிஸ்டல்கள் வெடிக்காமலே நின்றுவிடும். ரிவால்வருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பிஸ்டலில் உயிரைப் பறிக்கும் மயக்கம் இன்னொன்று: மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று எண்ணுவது. குழலின் அடியில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம்.

அமெரிக்கக் காவல் துறைகள் ரிவால்வரைக் கைவிட்டதைப் பலர் சான்றாகக் காட்டுவர். 1986 ஏப்ரலில் மயாமியில் இரு கொள்ளையருடன் நடந்த சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் மாண்டனர். அதன் பிறகே அங்கு பிஸ்டலுக்கு மாறும் வேகம் கூடியது. நியூயார்க் காவல் துறை 1993-இல் மாறத் தொடங்கியது. ஆனால் அவர்கள் ஆண்டுதோறும் பயிற்சி பெறுபவர்கள். ஆண்டுக்கு ஒருமுறைகூடச் சுட்டுப் பழகாத கடைக்காரருக்கு அந்த உதாரணம் பொருந்தாது. பயிற்சி குறைந்த கைக்கு ரிவால்வரே சிக்கல் குறைந்தது என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பதில் பாதி உண்மைதான். மீதியை மும்பையின் அண்மைக்கால வரலாறு சொல்கிறது.

மும்பை தரும் பாடம்

நாடாளுமன்ற விவகார அமைச்சராக இருந்த பிரமோத் மகாஜனை 2006 ஏப்ரல் 22-இல் அவரது வொர்லி இல்லத்தில் தம்பி பிரவீண் சுட்டார். அது உரிமம் பெற்ற .32 பிஸ்டல். தாராவியையும் மாட்டுங்காவையும் அடுத்துள்ள மாஹிம் பகுதியில் இருக்கும் இந்துஜா மருத்துவமனையில் 11 நாள்கள் போராடிய மகாஜன் மே 3-இல் உயிரிழந்தார். தம்பியை வாசலில் யார் தடுப்பது?

முன்னாள் மக்களவை உறுப்பினரான நடிகர் கோவிந்தா 2024 அக்டோபர் 1-ஆம் தேதி விடியற்காலை தமது ரிவால்வராலேயே காலில் காயமடைந்தார். அலமாரியில் வைக்கும்போது கைதவறி விழுந்து வெடித்தது என்று அவர் தரப்பில் தெரிவிக்கப்பட்டது. எளிமைக்குப் பெயர்பெற்ற ரிவால்வரும் மன்னிப்பதில்லை. சுத்தியலைத் தடுத்துநிறுத்தும் அமைப்பு இல்லாத பழைய வகைகள், கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும்.

சிவசேனை (உத்தவ்) பிரமுகரும் முன்னாள் மாநகராட்சி உறுப்பினருமான அபிஷேக் கோசல்கர் 2024 பிப்ரவரி 8-இல் தஹிசரில் நேரலையின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் பயன்படுத்தியது தமது மெய்க்காவலரின் உரிமத் துப்பாக்கி. உரிமம் ஒருவர் பெயரில். விசையில் வேறொருவர் விரல்.

அதே ஆண்டு அக்டோபர் 12-இல் தாராவிக்கு அருகே பாந்த்ரா கிழக்கில் முன்னாள் அமைச்சர் பாபா சித்திக் சுட்டுக் கொல்லப்பட்டபோது, பாதுகாப்புக் காவலர் உடனிருந்தும் பயனில்லை. திடீர்த் தாக்குதலில் துப்பாக்கியை எடுக்கவே அவகாசம் கிடைப்பதில்லை. அமெரிக்கக் காவல் பயிற்றுநர் டென்னிஸ் டியூலர் 1983-இல் எழுதிய கணக்கு இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது: கத்தியுடன் ஓடிவருபவர் 21 அடியைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை நொடி போதும். இருவர் அருகருகே நடக்க முடியாத தாராவிச் சந்துகளில் 21 அடி இடைவெளி எங்கே கிடைக்கும்? அங்கு குறிதவறிய குண்டு தகரச் சுவரைத் துளைத்து அடுத்த வீட்டில் உறங்குபவரைத்தான் தேடும்.

சுட்டபின் சட்டமும் காத்திருக்கிறது. தற்காப்புரிமையைக் கூறும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள், ஆபத்தின் அளவை மீறிய தாக்குதலை ஏற்பதில்லை.

கேட்கப்பட வேண்டிய கேள்வி

உள்துறை அமைச்சகப் புள்ளிவிவரப்படி 2016 இறுதியில் நாட்டில் இருந்த துப்பாக்கி உரிமங்கள் 33.69 லட்சம். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம், மகாராஷ்டிரத்தில் சுமார் 84 ஆயிரம், தமிழகத்தில் சுமார் 22,500.

2019 திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மசோதா முதலில் முன்வைத்தது ஒன்றே ஒன்று; எதிர்ப்பு எழுந்ததால் இரண்டானது. அதே சட்டம் உரிமத்தின் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது. துப்பாக்கியின் நிலை, அது பூட்டிவைக்கப்பட்டுள்ளதா, உரிமையாளரின் மனநிலையும் பயிற்சியும் எப்படி என்பதை அதிகாரிகள் சரிபார்க்க அமையும் முக்கிய வாய்ப்பு உரிமப் புதுப்பிப்புதான். அந்த வாய்ப்பு இப்போது ஐந்தாண்டுக்கு ஒருமுறையே வருகிறது.

பாதுகாப்புப் பயிற்சியையும் பத்திரமாகப் பூட்டிவைப்பதையும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வலியுறுத்துகின்றன. அந்த விதிகள் தாளில் நிற்கின்றனவா, வீடுகளில் நடைமுறையாகின்றனவா என்று அரசைக் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். ரிவால்வரா, பிஸ்டலா என்று கடையில் யோசிக்கும் குடும்பத் தலைவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியதோ வேறு: வீட்டில் அதன் சாவி யாரிடம் இருக்கும்?