கழுத்தைப் பார்த்து வாங்குங்கள்

1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் தயாரான கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்டு கிட்டார்களுக்கு இன்று லட்சக்கணக்கான டாலர் விலை. மஹோகனி உடல், மேலே மேப்பிள் பலகை, ஒரு பக்கம் மட்டும் வளைத்து வெட்டிய தோள். அந்த வடிவை ஜப்பானின் மாட்சுமோட்டோ, ஹமாமாட்சு நகரப் பட்டறைகள் 1970களில் ஊன்றிப் படித்தன. கிரெக்கோ, டோக்காய், பர்னி, 1988இல் வந்த ஆர்வில் எல்லாம் அந்தப் படிப்பில் பிறந்தவை. இவற்றுள் எதை வாங்குவது என்று குழம்புபவர்களுக்கு இயற்பியல் நல்ல வழிகாட்டி.

எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒலியைப் பிடிப்பது பிக்கப். காந்தத்தின் மேல் எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. பிக்கப் அறிவது பெரும்பாலும் கம்பியின் அசைவை மட்டுமே. அப்படியானால் மரத்துக்கு என்ன வேலை? கம்பியின் ஆற்றலை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதில்தான் மரத்தின் பங்கு இருக்கிறது.

கம்பியின் ஒரு முனை கனமான உடலில் பதிந்த பிரிட்ஜில் நிற்கிறது. மறுமுனை மெலிந்த கழுத்தின் ஃபிரெட்டில் நிற்கிறது. கழுத்தின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒரு ஸ்வரம் ஒத்துப்போனால், கழுத்து அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ளும். ஸ்வரம் சட்டென்று அடங்கிவிடும். வாசிப்பவர்கள் இதை ‘டெட் ஸ்பாட்’ என்பார்கள். ஜெர்மனியின் ஹெல்முட் ஃபிளைஷரும் டில்மன் ஸ்விக்கரும் 1990களில் அளந்து பார்த்து, இந்த இழப்புக்குக் கழுத்தின் அசைவே முக்கியக் காரணம் என்று காட்டினார்கள்.

ஆகவே கடையில் முதல் சோதனை ஆம்பிளிஃபையர் இல்லாமல்தான். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் ஒரே அழுத்தத்தில் மீட்டிக் கேளுங்கள். அடுத்து, கழுத்தின் கோணம். லெஸ் பால் வகையில் கழுத்து ஏறத்தாழ 4 டிகிரி பின்சாய்ந்து ஒட்டப்பட்டிருக்கும். பிரிட்ஜை அடிமட்டம் வரை இறக்கிய பிறகும் கம்பி உயரமாகவே நின்றால், கழுத்து எழும்பிவிட்டது என்று பொருள். அதைப் பிரித்து மறுபடி ஒட்டுவது பெருஞ்செலவு. கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடு இரு பக்கமும் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள்.

பிக்கப்பையும் வால்யூம் பொட்டையும் (ஒலியளவைத் திருகும் மின்தடை) பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். பிக்கப் சுருளின் தூண்டலும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸில் ஓர் உச்சத்தை உண்டாக்குகின்றன. ஒலியின் பளிச்சு அங்கிருந்துதான் வருகிறது. பொட் 300 கிலோஓம் என்றால் அந்த உச்சம் தாழும், 500 என்றால் எழும். சால்டரிங் அயர்ன் இருந்தால் ஒரு பிற்பகலில் மாற்றிவிடலாம்.

பெயர்களிலும் செய்தி உண்டு. அக்காலத்து டோக்காய் எல்எஸ்-80 என்றால் அதன் விலை 80,000 யென். கிரெக்கோவின் ஈஜி-800ம் அதே விலைதான். எண் ஏற ஏற மரத்துண்டுகளின் எண்ணிக்கை குறையும், மெருகு உயரும். 1970களின் தொடக்கத்தில் வந்த பல நகல்களில் கழுத்து ஒட்டப்படாமல் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். விற்பவர் ‘லாசூட் கிட்டார்’ (வழக்குக் கிட்டார்) என்று பெருமையாகச் சொன்னால் மயங்காதீர்கள். கிப்சனின் அன்றைய தாய் நிறுவனமான நார்லின் 1977இல் தொடுத்த வழக்கு, ஜப்பானிய ஐபனெஸ் கிட்டார்களின் தலை வடிவைப் பற்றியது. கருவியின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஒற்றை வெட்டில் இன்னொரு குடும்பமும் உண்டு: ஃபெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டர் வழியில் வந்த டோக்காய் பிரீஸிசவுண்ட், 1982இல் தொடங்கிய ஃபெண்டர் ஜப்பான். அவற்றின் கம்பி நீளம் 648 மில்லிமீட்டர். லெஸ் பால் வகையில் சுமார் 628. ஒரே தடிமன், ஒரே ஸ்வரம் என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு மாறும். அதனால் லெஸ் பாலில் இழுவை 6 விழுக்காடு குறைவு. கம்பியை வளைத்து வாசிப்பவருக்கு விரல் நோகாது. கமகம் தேடும் நம் வாசிப்பாளர்கள் இதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

நேரான, டெட் ஸ்பாட் இல்லாத கழுத்தோடு ஓர் எல்எஸ்-50உம், கழுத்து எழும்பிய ஓர் எல்எஸ்-120உம் ஒரே விலைக்கு வந்தால், எல்எஸ்-50ஐயே எடுங்கள். மிச்சமாகும் பழுதுச் செலவில் நல்ல பிக்கப் வாங்கிக்கொள்ளலாம்.